எங்கள் பணம், உங்கள் ஓட்டு: மியூச்சுவல் ஃபண்டு மேலாளர்களுக்குக் காரைக்குடியிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிதி மேலாளர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கும் ஒரு சின்ன ஆபீஸ் என்னுடையது. வருகிறவர்கள் பெரிய முதலாளிகள் இல்லை. ஆத்தங்குடியில் பூக்கல் பட்டறை வைத்திருப்பவர், தேன்குழலும் மாவுருண்டையும் போட்டு வெளியூருக்கு அனுப்பும் பலகாரக்கடை ஆச்சி, ஓய்வுபெற்ற வாத்தியார்கள், பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டு இங்கே பெரிய வீட்டில் தனியாக இருக்கும் பெற்றோர்கள். இந்த ஊரில் சேமிப்பு என்றால் முதலில் நகை. அப்புறம் சீட்டு, தபால் ஆபீஸ், பாங்கு டெபாசிட். வட்டி கூடத் தருகிறோம் என்று போர்டு மாட்டிய ஏதோ ஒரு நிதி நிறுவனத்தில் போட்டுவிட்டு, பாண்டு பேப்பரை பீரோவில் வைத்துக்கொண்டு கேஸுக்கு அலைகிறவர்களும் உண்டு. அந்த அடி வாங்கிய பிறகுதான் பலர் உங்கள் பக்கம் வந்தார்கள். மாதாமாதம் ஐந்நூறு, ஆயிரம் என்று ஃபண்டில் போடும் எஸ்ஐபி. 2024 அக்டோபரில் நாடு முழுக்க எஸ்ஐபி வழியாக வந்த பணம் ஒரே மாதத்தில் முதன்முறையாக 25,000 கோடி ரூபாயைத் தாண்டியது. எங்கள் ஊர் ஐந்நூறு ரூபாய்களும் அதற்குள்தான் இருக்கின்றன.

வருமானம் ஏன் குறைந்தது, சந்தை ஏன் விழுந்தது என்று கேட்க இதை எழுதவில்லை. அதெல்லாம் உங்கள் கையிலும் இல்லை. எங்கள் பணத்தோடு கூடவே உங்கள் கைக்கு இன்னொன்றும் வந்திருக்கிறது, ஓட்டு. கம்பெனித் தலைவர்களின் சம்பளத்துக்கு அதை எப்படிப் போடுகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

பலகாரக்கடை ஆச்சியிடம் இதைச் சொன்னபோது நம்பவில்லை. "நான் ஃபண்டுலதானே தம்பி போட்டிருக்கேன், எனக்கு எந்தக் கம்பெனியில ஓட்டு?" என்றார். சரிதான், அவர் பெயரில் ஓட்டு இல்லை. அவர் பணத்தில் வாங்கிய பங்குகளின் ஓட்டு உங்களிடம் இருக்கிறது. விருப்பம் இருந்தால் போடலாம் என்ற நிலையும் இப்போது இல்லை. தலைவர்கள் சம்பளம், ஸ்டாக் ஆப்ஷன் (முன்பே பேசிய விலையில் கம்பெனிப் பங்கை வாங்கும் உரிமை) போன்ற தீர்மானங்களில் 2021 ஏப்ரல் முதல் கட்டாயம் ஓட்டுப் போட வேண்டும், மற்ற எல்லாத் தீர்மானங்களிலும் 2022 ஏப்ரல் முதல், என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி சொல்லிவிட்டது. எஸ்ஐபி என்ற பெயரையே கேட்டிராத ஜவுளிக்கடை ஊழியருக்கும் இதில் பங்கு உண்டு. அவருடைய பிஎஃப் பணத்தில் ஒரு பகுதி 2015 முதல் ஈடிஎஃப் என்ற, சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்டு வழியாகப் பங்குச் சந்தைக்குப் போகிறது.

இந்த ஓட்டுக்கு எவ்வளவு வலு என்பது உங்களுக்குத் தெரியும், எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், ஒரே ஒரு நிர்வாக இயக்குநர் இருந்தால் அவருக்கு நிகர லாபத்தில் 5 சதவீதம், எல்லா இயக்குநர்களுக்கும் சேர்த்து 11 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அந்தப் பதினொன்றைத் தாண்ட முன்பு மத்திய அரசின் அனுமதி வேண்டும். 2018இல் அதை எடுத்துவிட்டு, பங்குதாரர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். கம்பெனியைத் தொடங்கி நடத்தும் புரொமோட்டர் குடும்பத்தைச் சேர்ந்த செயல் இயக்குநருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் அல்லது நிகர லாபத்தில் 2.5 சதவீதம், இதில் எது அதிகமோ அதற்கு மேல் கொடுப்பதென்றால் சிறப்புத் தீர்மானம் தேவை. பதிவான ஓட்டில் 75 சதவீதம் ஆதரவாக விழ வேண்டும். புரொமோட்டரிடம் பாதிப் பங்கு இருக்கிறது, எல்லோரும் ஓட்டுப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதியில் பாதிக்கு மேல் எதிர்த்தால் தீர்மானம் விழுந்துவிடும். அந்த மீதிப் பாதியில் கணிசமாக வைத்திருப்பது நீங்களும் எல்ஐசியும் வெளிநாட்டு முதலீட்டாளர்களும். டெல்லியில் அதிகாரி போட்டுக்கொண்டிருந்த கையெழுத்து இப்போது உங்கள் கையெழுத்து.

அதை நீங்கள் எப்படிப் போடுகிறீர்கள் என்று பார்க்க ஒரு ஃபண்டு நிறுவனத்தின் ஓட்டுப் பட்டியலை இறக்கிப் பார்த்தேன். எக்செல் கோப்பு, முழுக்க ஆங்கிலம். கூட்டத் தேதி, கம்பெனி பெயர், தீர்மானம், நிர்வாகத்தின் பரிந்துரை, உங்கள் ஓட்டு, காரணம் என்று வரிசையாகக் கட்டங்கள். காரணம் என்ற கட்டம் அகலம் போதாமல் பாதி எழுத்து மறைந்திருந்தது. இழுத்து அகலமாக்கிப் பார்த்தால், சம்பளத் தீர்மானங்களுக்கு நேரே வரிசைக்கு வரிசை ஒரே வாசகம். சட்டத்துக்கு உட்பட்டது, கவலைப்பட ஏதும் இல்லை என்ற பொருளில் ஒரு வரி. ஆறு மாதத்துக்கு முன் லாபம் சரிந்த கம்பெனிக்கும் அதே வரிதான், லாபம் ஏறிய கம்பெனிக்கும் அதே வரிதான். ஆதரவு, ஆதரவு, ஆதரவு.

ஏன் இப்படி என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அந்தக் கம்பெனியே தன் கையிருப்புப் பணத்தை உங்கள் லிக்விட் ஃபண்டில், அதாவது நினைத்தபோது எடுக்கக்கூடிய குறுகிய கால ஃபண்டில், போட்டிருக்கலாம். உங்கள் தாய் நிறுவனமான பாங்கில் அதற்குக் கடன் கணக்கு இருக்கலாம். ஆச்சியின் ஐந்நூறுக்காக அந்த உறவை யார் கெடுத்துக்கொள்வார்கள்?

பெரிய சம்பளமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. திறமையான ஆளுக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். எப்போது கொடுப்பது, எந்தக் கணக்கு முடிந்த பிறகு கொடுப்பது என்பதில்தான் என் வழக்கு. இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் ஒரு பழைய நடைமுறை இருந்தது.

என் தாத்தா தேவகோட்டையில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளை. ரங்கூன், மோல்மீன், பினாங்கு, கொழும்பு என்று வட்டிக்கடைகள் இருந்த காலத்துப் பேரேடுகளைப் பார்த்தவர். முதலாளி ஊரில் இருப்பார், ஏஜெண்டுதான் கடல் தாண்டிக் கொண்டுவிக்க, அதாவது கடையை நடத்த, போவார். தவணை பெரும்பாலும் மூன்று வருடம். சம்பளத்தைப் புறப்படும் முன்பே பேசி எழுதிவிடுவார்கள். குடும்பம் ஊரிலேயே இருப்பதால் அதில் ஒரு பகுதி இங்கே வீட்டுக்குப் போகும். கடையில் ஏஜெண்டுக்குக் கீழே அடுத்தாள், அவருக்குக் கீழே பெட்டியடிப் பையன். தவணை முடிந்து அடுத்த ஏஜெண்டு வந்ததும் பெட்டி, பத்திரம், பேரேடு எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுத்தான் கப்பல் ஏற முடியும். லாபத்தில் அவருக்கான பங்கு அப்புறம்தான். ஐந்தொகை என்ற வரவு செலவு முடிவுக் கணக்கைப் போட்டு, வராக்கடனைக் கழித்து, மிச்சம் என்ன என்று பார்ப்பார்கள். பேரேட்டில் வட்டி வரவு என்று எழுதியிருப்பது வேறு, பெட்டிக்குள் வந்து விழுந்த பணம் வேறு என்பார் தாத்தா. எழுதிய வட்டியைக் காட்டி எவரும் முதல் வருடமே பங்கு வாங்கிக்கொண்டு போய்விட முடியாது.

இதைப் பொற்காலக் கதையாகச் சொல்லவில்லை. பர்மா விவசாயியைக் கேட்டால் அவர் வேறு கதை சொல்வார். 1930இல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நிலத்தில் 6 சதவீதம் செட்டியார்கள் கையில் இருந்தது. நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல், 1938இல் அது 25 சதவீதமானது. கடன் வாங்கியவனிடம் பொறுமை காட்ட அந்த முறையில் இடம் இருந்ததா என்பது தனி விவாதம். ஆனால் பிறத்தியார் பணத்தை நடத்துகிற ஆளுக்குக் கூலி எப்படிக் கொடுப்பது என்ற ஒரு விஷயத்தில் அவர்கள் தெளிவாக இருந்தார்கள். 1937 பிப்ரவரி 10ஆம் தேதி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கைத் திறந்ததும் இந்த வட்டாரத்துக்காரர்கள்தான்.

இன்றைய விதிகளைப் பாருங்கள். தனியார் பாங்குத் தலைவர்களுக்கு ரிசர்வ் வங்கி 2019 நவம்பரில் ஒரு நெறிமுறை போட்டது. மொத்தச் சம்பளத்தில் பாதியாவது செயல்பாட்டைப் பொறுத்து மாறுவதாக இருக்க வேண்டும். அந்த மாறும் பகுதியில் குறைந்தது 60 சதவீதத்தைக் குறைந்தது மூன்று வருடத்துக்குத் தள்ளிக் கொடுக்க வேண்டும். இடையில் வாராக்கடன் வெடித்தாலோ தவறு தெரியவந்தாலோ கொடுக்காமல் நிறுத்தலாம், கொடுத்ததைத் திரும்பவும் வாங்கலாம். உங்கள் கதையும் அதேதான். உங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியை நீங்கள் நடத்தும் ஃபண்டிலேயே யூனிட்டாகப் போட்டு மூன்று வருடம் பூட்டி வைக்க வேண்டும் என்று செபி 2021இல் விதி கொண்டுவந்தது. 2025இல் அதைச் சற்றுத் தளர்த்தினாலும் பூட்டு போய்விடவில்லை.

பாங்குக்காரருக்கு மூன்று வருடம், உங்களுக்கு மூன்று வருடம். சிமெண்டு, மருந்து, மென்பொருள், மோட்டார் கம்பெனித் தலைவருக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. ஸ்டாக் ஆப்ஷனுக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் காத்திருப்பு ஒரே ஒரு வருடம். உங்கள் சம்பளத்துக்கு நீங்கள் ஏற்றுக்கொண்ட நிபந்தனையை அவர்கள் சம்பளத்துக்கும் கேட்க உங்களுக்கு என்ன தயக்கம்?

எதிர்த்தால் நடக்குமா என்றால், நடந்திருக்கிறது. 2014இல் டாடா மோட்டார்ஸின் மேலதிகாரிகள் சம்பளத் தீர்மானங்களுக்குப் புரொமோட்டர் அல்லாத பங்குதாரர்கள் தரப்பில் போதிய ஓட்டு விழவில்லை. 2021 ஆகஸ்டில் ஐஷர் மோட்டார்ஸ், அதாவது நம் ஒரகடத்தில் புல்லட் செய்கிற கம்பெனி, தன் நிர்வாக இயக்குநரின் மறுநியமனத்தையும் சம்பளத்தையும் ஒரே சிறப்புத் தீர்மானமாக வைத்தது. 75 சதவீதம் கிடைக்கவில்லை. சம்பள உச்சவரம்பைக் குறைத்துக்கொண்டு திரும்ப வந்தார்கள், அப்போது தேறியது. கம்பெனி மூடிப் போகவில்லை, இயக்குநரும் கோபித்துக்கொண்டு ஓடிவிடவில்லை.

பங்குச் சந்தையில் உள்ள ஒவ்வொரு கம்பெனியின் ஆண்டறிக்கையிலும் இன்னொரு எண் இருக்கிறது. ஊழியர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளத்தைப் போல இயக்குநரின் சம்பளம் எத்தனை மடங்கு என்ற எண். சில இடங்களில் அது மூன்று இலக்கம். ஒப்பந்தத் தொழிலாளர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கிலேயே வருவதில்லை, வந்தால் மடங்கு இன்னும் ஏறும். உங்கள் ஓட்டுப் பட்டியலின் காரணக் கட்டத்தில் இந்த எண்ணை நான் பார்க்கவில்லை.

வரிக்கு வருகிறேன், என் தொழிலே அதுதான். ஒவ்வொரு பட்ஜெட்டுக்கு முன்பும் உங்கள் சங்கமான ஆம்ஃபி நிதியமைச்சகத்துக்குக் கோரிக்கைப் பட்டியல் அனுப்புகிறது. சிறு முதலீட்டாளர் பெயர் அதில் தவறாமல் வரும். பங்கில் நீண்டகால லாபத்துக்கு வரி வேண்டாம் என்று 2004இல் எடுத்தவர் எங்கள் கண்டனூர்க்காரர் ப. சிதம்பரம். 2018இல் 10 சதவீதமாக அது திரும்பி வந்தது. 2024 ஜூலை 23 முதல் 12.5. முதல் 1.25 லட்சத்துக்கு மட்டும் விலக்கு.

2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். சம்பளம் 12.75 லட்சம் வாங்குகிறவருக்கு நிலைக்கழிவு போக 12 லட்சம், அதுவரை வரித் தள்ளுபடி உண்டு என்பதால் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். ஆறு லட்சம் பென்ஷன் வாங்கும் வாத்தியார் ஒருவர், பேத்தி கல்யாணத்துக்காகப் பல வருட எஸ்ஐபியை எடுக்கிறார், லாபம் 3.25 லட்சம். இரண்டையும் சேர்த்தாலும் 9.25 லட்சம்தான். ஆனால் 12 லட்சம் வரையிலான அந்தத் தள்ளுபடி பென்ஷனுக்குத்தான், பங்கு லாபத்துக்குப் பொருந்தாது. எனவே 2 லட்சத்துக்கு 12.5 சதவீதம், மேலே செஸ், மொத்தம் 26,000 ரூபாய். இதை அவரிடம் விளக்கிச் சொல்வதுதான் இந்த வேலையிலேயே சங்கடமான பகுதி.

இன்னொரு பக்கம், ஐம்பது கோடி ரூபாய் சம்பளமாக வந்தால் உச்ச அடுக்கின் விகிதம், வரிக்கு மேல் போடும் வரியான சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து 39 சதவீதம். அதே ஐம்பது கோடி பங்கு விற்ற நீண்டகால லாபமாக வந்தால் 14.95தான், ஏனென்றால் அந்த லாபத்துக்கு சர்சார்ஜ் 15 சதவீதத்தோடு நின்றுவிடும். பெரிய ஆட்கள் வரியே கட்டுவதில்லை என்று டீக்கடையில் பேசுவதை நான் ஏற்பதில்லை, 39 கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வருமானம் எந்த வாசல் வழியாக வருகிறது என்பதைத் தீர்மானிக்க முடிகிறவருக்கும் முடியாதவருக்கும் உள்ள தூரம்தான் எனக்கு உறுத்துகிறது. வாத்தியாருக்கு அந்த வசதி கிடையாது. அடுத்த முறை ஆம்ஃபி பட்டியல் எழுதும்போது, எல்லோருக்கும் விகிதத்தைக் குறையுங்கள் என்று கேட்பதற்கு முன், 12 லட்சத்துக்குள் மொத்த வருமானம் உள்ளவருக்கு அந்தத் தள்ளுபடியைப் பங்கு லாபத்துக்கும் கொடுங்கள் என்று கேளுங்கள். பெரிய முதலீட்டாளருக்கு இதில் ஒரு பைசா லாபம் இல்லை என்பதால் இந்தக் கோரிக்கை பின்னால் போய்விடக் கூடாது.

ஓட்டு விஷயத்தில் நான் கேட்பது இவ்வளவுதான். மாறும் சம்பளத்தில் பெரும்பகுதியை மூன்று வருடம் தள்ளி வைக்காத, தவறு தெரிந்தால் திரும்ப வாங்க வழி இல்லாத எந்தச் சம்பளத் தீர்மானத்துக்கும் ஆதரவு போடாதீர்கள். போட்டால் ஏன் போட்டீர்கள் என்று அந்தக் கம்பெனிக்கென்று தனியாக நாலு வரி எழுதுங்கள். அதைத் தமிழிலும் போடுங்கள். எஸ்ஐபி விளம்பரத்தை நல்ல தமிழில் எழுத ஆள் கிடைக்கிறார், இதற்கும் கிடைப்பார்.

ஆண்டுப் பொதுக்கூட்டங்கள் செப்டம்பர் கடைசிக்குள் முடிந்துவிடும். காலாண்டு முடிந்து பத்து வேலை நாட்களுக்குள் ஓட்டுப் பட்டியலை நீங்கள் வெளியிட்டாக வேண்டும். அக்டோபரில் அதை இறக்கி, காரணக் கட்டத்தை அகலமாக்கி, பிரிண்ட் எடுத்து ஆபீஸ் வாசலில் ஒட்டப் போகிறேன். ஆச்சிக்கும் வாத்தியாருக்கும் நானே படித்துச் சொல்வேன்.

இப்படிக்கு,
வரிக் கணக்கு எழுதும் ஒருவன்,
காரைக்குடி