விலையை மட்டும் எழுதாதீங்க, ரப்பரைப் பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொடைக்கானலுக்கு மேல பூம்பாறையில இருந்து எழுதுறேன். நான் மைக் செட் வச்சிருக்கேன், இருபத்தஞ்சு வருசமா திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம்னு ஸ்பீக்கருக்குப் பக்கத்துலயே நின்னு இடது காது கொஞ்சம் மந்தமாயிடுச்சு. உங்க பேப்பர்ல இயர்போன் பத்தி எழுதும்போதெல்லாம் விலை, பேட்டரி, கலர்தான் வருது, கேக்குறதுக்கு எப்படி இருக்குன்னு ஒரு வரி இல்ல, அதான் எழுதணும்னு தோணுச்சு.

போன மாசம் அக்கா மகன் சென்னையில இருந்து வந்தான், கையில சென்ஹைசர் கம்பெனியோட ஐஇ 900 இயர்போன். 2021ல வந்த மாடல். வந்தப்போ லட்ச ரூபாயை ஒட்டி வித்த சாமான், ஒரு பக்கம் 4 கிராம்கூட தாண்டாது போல, அலுமினியத்துல கடைஞ்செடுத்த கூடு, உள்ள 7 மில்லிமீட்டர் டிரைவர், அதான் சத்தம் போடுற குட்டி ஸ்பீக்கர், ஒன்னே ஒன்னு. மத்த சில கம்பெனியில ஒரு காதுக்கு அஞ்சு, ஆறுன்னு குட்டிக் குட்டி டிரைவரா வைக்கிறாங்க, இதுல ஒன்னுதான்.

மாட்டிக் கேட்டேன், தகர டப்பாவுக்குள்ள பாடுற மாதிரி இருந்துச்சு, பேஸே, அதான் கீழ் சத்தமே, இல்ல. இதுக்கா இம்புட்டு காசுன்னு கழட்டப் போனேன். "மாமா, இயர்போன் நுனியில மாட்டுற ரப்பர் உங்க காதுக்குச் சேரல"ன்னு சொல்லி இடது பக்கத்துக்கு மட்டும் ஒரு சைஸ் பெருசா மாத்தினான், காது மடலை மேல இழுத்துப் பிடிச்சுக்கிட்டு உள்ள வைக்கச் சொன்னான். வச்ச உடனே தகரக் கூரையில பெய்ஞ்சுக்கிட்டு இருந்த மழைச் சத்தம் எங்கயோ தூரமாப் போயிடுச்சு, அடியில இருந்து பேஸ் எந்திரிச்சு வந்துச்சு. காத்து போற சந்து இருந்தா கீழ் சத்தம் அது வழியா வெளிய போயிடும், அம்புட்டுதான் விசயம், ஆனா அதை யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க.

அப்புறம் நாதஸ்வரக் கச்சேரி ஒன்னு போட்டான். தவில்ல தொப்பிங்கிற ஒரு பக்கத்துல குச்சி விழுறது தனியா, வலந்தலைங்கிற மறுபக்கத்துல கூடு மாட்டின விரல் விழுறது தனியா, ஒவ்வொரு விரலும் எண்ணலாம் போல. நாதஸ்வரக்காரர் மூச்சு எடுக்குறதுகூட கேட்டுச்சு. எத்தனையோ தேருக்கு பக்கத்துல நின்னு மைக் பிடிச்சவன் நான், இப்படிக் கேட்டதில்ல. என் காதுக்கு, பாடுற குரல் மட்டும் ரெண்டு அடி பின்னாடி நிக்குற மாதிரி இருந்துச்சு, குரலுக்காகவே பாட்டு கேக்குறவங்க கடையில கேட்டுப் பாத்துட்டு வாங்கணும். பழைய கேசட்டுல இருந்து ஏத்தின பாட்டுல உஸ்ஸுனு வர்ற இரைச்சலையும் இது மறைக்காது.

என்னை யோசிக்க வச்சது வால்யூம்தான். வத்தலக்குண்டுல இருந்து பஸ் ஏறினா இஞ்சின் சத்தத்தை அமுக்கணும்னே நம்ம பசங்க வால்யூமை முழுசா வச்சுட்டு வர்றாங்க. காதுல சரியா உக்காந்தா பாதிக்கும் கம்மியே போதும். உலக சுகாதார நிறுவனம் சத்தத்தோட அளவு 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம்தான்னு சொல்லுது, 3 டெசிபல் கூட்டினாலே அந்த நேரம் பாதியாயிடும். போன காது திரும்பாதுங்க, எனக்குத் தெரியும்.

ஆனா இதை மாட்டிக்கிட்டு ரோட்டுல நடக்கக் கூடாது. எங்க ஊர்ப் பக்கம் சாயங்காலமானா காட்டுமாடு ரோட்டுக்கே வருது, பனிமூட்டத்துல கண்ணுக்கும் தெரியாது, காதும் அடைச்சிருந்தா என்ன ஆகுறது.

மருமகன் ஊருக்குப் போயிட்டான், அவன் சாமானும் போயிடுச்சு. நான் ஆயிரத்து சொச்சம் ரூபாய்க்கு ஒரு ஒயர் இயர்போன் வாங்கி இடதுக்குப் பெருசு, வலதுக்கு நடு சைஸ்னு போட்டுக் கேட்டுக்கிட்டு இருக்கேன், செல்லுல கோடை எஃப்எம் 100.5 வைக்கவும் அந்த ஒயர்தான் ஏரியல். அடுத்த தடவை இயர்போன் பத்தி எழுதும்போது ரப்பர் எப்படிப் பாத்துப் போடணும்னு படத்தோட ஒரு பத்தி போடுங்க சார்.

இப்படிக்கு,
மைக் செட் வாசகர்,
பூம்பாறை, கொடைக்கானல் வட்டம்