தண்ணீர்க் குறிப்பேட்டின் முதல் ஆண்டு: சீட்டா கேம்ப் சங்கச் செயலாளரின் 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமை மாலையை ஒதுக்கி வந்திருக்கும் தாய்மார்களுக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை மும்பையின் சீட்டா கேம்ப் குடிசைப் பகுதியில் நம் சங்கம் செய்த வேலைகளை உங்கள் முன் வைக்கிறேன். பொங்கல் விழா, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, துக்க வீட்டு உதவி மூன்றும் வழக்கம்போல நடந்தன. கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மற்றபடி இந்த ஆண்டு முழுக்க நம் உழைப்பு தண்ணீருக்கும் கழிப்பிடத்துக்கும்தான் போனது. அதனால் இந்த அறிக்கையும் அதைப் பற்றித்தான்.

2024 மே 30ஆம் தேதி மும்பை முழுவதும் 5 சதவீதத் தண்ணீர் வெட்டு வந்தது. ஜூன் 5 முதல் அது 10 சதவீதம் ஆனது. ஏரிகள் அடிமட்டத்துக்குப் போயிருந்தன, வெட்டு நியாயம்தான். ஆனால் மாடியில் தொட்டி வைத்திருக்கும் கட்டடத்துக்குப் பத்து சதவீதம் என்றால் பத்து சதவீதம். குழாயின் கடைசியில் இருக்கும் நமக்கு அப்படி இல்லை. அழுத்தம் குறைந்தால் கல்லியின், அதாவது சந்தின், முதல் வீடுகளோடு தண்ணீர் நின்றுவிடும், கடைசி வீட்டுக்குக் காற்றுதான் வரும்.

அந்த வாரம் நாங்கள் ஏழு பேர் மாநகராட்சி அலுவலகம் ஒன்றுக்குப் போனோம். "தண்ணி வரல சார்" என்றோம். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று கேட்டார்கள். வால்வு தினமும் திறந்ததாகத் தங்கள் பதிவேட்டில் இருக்கிறது என்றார்கள். எங்களிடம் பதில் இல்லை. ஐம்பது வருடமாக அனுபவிக்கிற கஷ்டத்துக்கு எங்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. திரும்பி வரும் பேருந்தில் நாலாவது கல்லி அக்கா ஒருவர் கேட்டார்: "பாலுக்குக் கணக்கு எழுதுறோம், சீட்டுக்குக் கணக்கு எழுதுறோம், தண்ணிக்கு ஏன் எழுதல?"

நம் குறிப்பேடு அங்கேதான் பிறந்தது. மறுநாளே நாற்பது பக்க நோட்டு நான்கு வாங்கி, பிளாஸ்டிக் உறை போட்டு, பேனாவோடு சேர்த்துச் சணல் கயிற்றில் கட்டி நான்கு குழாயடியில் தொங்கவிட்டோம். தேதி, தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம், எத்தனை ஹண்டா (குடம்), நிறம், வாடை, எழுதியவர் கையெழுத்து. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஹண்டாவுக்கு ஒரு கோடு போட்டார்கள், கறுப்பாக வந்தால் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம். ஒரு பக்கத்தை அப்படியே வாசிக்கிறேன்: "ஆகஸ்ட் 11. விடியக்காலை 4:40 வந்தது. 5:05 நின்றது. முதல் ரெண்டு ஹண்டா கறுப்பு, சாக்கடை வாடை. கொட்டிட்டோம். பின்னாடி வீடுகளுக்கு இல்ல."

ஜூலை 29இல் வெட்டை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் வாடை போகவில்லை என்பதைக் குறிப்பேடுதான் காட்டியது. நான்கு நோட்டையும் அடுத்தடுத்து விரித்து வைத்தபோது இன்னொன்றும் தெரிந்தது. தண்ணீர் அதிக நேரம் வராமல் இருந்த மறுநாள்தான் வட்டம் போட்ட கோடுகள் கூடுதலாக இருந்தன. இதற்குக் காரணம் உண்டு. நம் குழாய்கள் சாக்கடைக்குள்ளும் ஓரத்திலுமாகத்தான் ஓடுகின்றன. தண்ணீர் வரும்போது அழுத்தம் உள்ளிருந்து வெளியே தள்ளும், அப்போது விரிசலில் தண்ணீர் கசிந்து வீணாகும், அவ்வளவுதான். தண்ணீர் நின்றதும் குழாய் காலியாகி, அதே விரிசல் வழியாகச் சாக்கடை உள்ளே இறங்கும். வீட்டுக்கு வீடு மோட்டார் போட்டு இழுத்தால் இன்னும் மோசம். நாமே சாக்கடையை உறிஞ்சுகிறோம். இதை வருத்தத்தோடு சொல்கிறேன். மோட்டார் வைத்திருக்கும் உறுப்பினர்கள் இந்த ஒரு வரியை மட்டுமாவது வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

செப்டம்பரில் தோழமை அமைப்பு ஒன்று சோதனைக் குப்பிகள் கொடுத்து நமக்குப் பயிற்சியும் தந்தது. சின்னக் குப்பி, உள்ளே மருந்து தடவிய காகிதம். குறியிட்ட அளவுக்குத் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால், மலத்தோடு வரும் கிருமிகள் இருக்கும்பட்சத்தில் ஒன்றிரண்டு நாளில் தண்ணீர் கறுத்துவிடும். மூன்று குப்பிகளை நம் துணைத்தலைவி வீட்டு அலமாரியில், அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். மறுநாள் சாயங்காலம் பார்த்தால் இரண்டு மைபோலக் கறுத்திருந்தன. அந்த வீட்டுப் பாட்டி வெகுநேரம் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதத்தான் பேரனுக்குக் குடுத்தேனா" என்றார். அன்று முதல் அந்தக் கல்லியில் தண்ணீரைக் காய்ச்சாமல் யாரும் குடிப்பதில்லை.

சரி, குறிப்பேடும் குப்பியும் இருந்தால் போதுமா? போதாது. ஒரு சங்கத்தின் கடிதம் தபால் பிரிவிலேயே தங்கிவிடும் என்பது நமக்குப் பழக்கமான சங்கதி. கோவண்டி, மான்குர்த், சிவாஜி நகர் பக்கத்துச் சங்கங்களும் மகளிர் குழுக்களும் சேர்ந்த கூட்டமைப்புக் கூட்டங்களுக்கு நாம் ஆண்டு முழுவதும் போனோம். மராத்தி, இந்தி, உருது, தமிழ் எல்லாம் கலந்த கூட்டம். பலரும் நம் நோட்டைப் பார்த்துவிட்டு அதே கட்டங்களைத் தங்கள் மொழியில் போட்டுக்கொண்டார்கள். டிசம்பரில் எல்லா நோட்டுகளின் நகலையும் சேர்த்து ஒரே மனுவாகக் கொடுத்தோம். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வால்வு திறக்கும் நேர அட்டவணையைக் கேட்டோம். அட்டவணை வந்தது. அதில் இருந்த நேரமும் நம் நோட்டில் இருந்த நேரமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. பேச்சு அதற்குப் பிறகுதான் மாறியது. ஜனவரியில் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து, வால்வு திறக்கும் சாவிக்காரரையும் உடன் வைத்துக்கொண்டு, மூன்றாவது கல்லியில் சாக்கடைக்குள் கிடந்த குழாயை வெளியே எடுத்து மாற்ற ஏற்பாடு செய்தார். அந்தக் கல்லியின் நோட்டில் பிப்ரவரி, மார்ச் பக்கங்களில் ஒரு வட்டம்கூட இல்லை. மற்ற மூன்று கல்லிகளில் வேலை பாக்கி.

கூட்டமைப்பு என்ன சாதிக்கும் என்று கேட்கும் இளைஞர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதையும் சொல்ல வேண்டும். 2000 ஜனவரி 1க்குப் பிறகு கட்டிய குடிசை என்றால் தண்ணீர் இணைப்புக் கிடையாது என்பதே முன்பு இருந்த நிலை. அதை எதிர்த்து 'பானி ஹக் சமிதி' என்ற தண்ணீர் உரிமைக் குழு பம்பாய் உயர்நீதிமன்றத்துக்குப் போனது. 2014 டிசம்பர் 15 அன்று தீர்ப்பு வந்தது. குடிநீர் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும், வீடு சட்டவிரோதமானது என்ற ஒரே காரணத்துக்காகத் தண்ணீரை மறுக்க முடியாது என்றது நீதிமன்றம். சட்டப்படியான வீட்டுக்காரர்களுக்குச் சமமாகக் கேட்க முடியாது, கூடுதல் கட்டணம் வாங்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2017இல் மாநகராட்சி அதற்கான கொள்கையைக் கொண்டுவந்தது. 2022 மே மாதம் 'எல்லோருக்கும் தண்ணீர்' என்று இன்னும் எளிதான கொள்கை வந்தது. தீர்ப்புக்கும் அந்தக் கொள்கைக்கும் இடையில் ஏழு ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. அத்தனை ஆண்டும் விடாமல் மனு கொடுத்து, கூட்டம் போட்டு, மைதானத்தில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

கொள்கை வந்தும் கடற்கழியின் ஓரத்தில் இருக்கும் நம் உறுப்பினர் குடும்பங்களுக்கு இன்னும் இணைப்புக் கிடைக்கவில்லை. ஐந்து குடும்பம் சேர்ந்து விண்ணப்பம் கொடுத்தாயிற்று. நிலம் யாருடையது, தடையில்லாச் சான்று எங்கே என்ற கேள்வியில் அது நிற்கிறது. மத்திய அரசுத் துறைகளின் நிலமாக இருந்தால் அந்தத் துறையின் ஒப்புதல் வேண்டும். மாங்குரோவ் காடு பக்கத்தில் இருந்தால் இன்னொரு கேள்வி எழும். இந்த ஆண்டின் பெரிய குறை இதுதான், அதை முடிக்க முடியாமல் போனதற்குச் செயலாளர் என்ற முறையில் அந்தக் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அவர்கள் இன்றும் கேன் கணக்கில் தண்ணீர் வாங்குகிறார்கள். மாநகராட்சிக் குழாயில் ஆயிரம் லிட்டருக்குக் கொடுக்கும் பணத்தை அவர்கள் ஒன்றிரண்டு கேனுக்கே கொடுக்கிறார்கள்.

இன்னொரு கணக்கும் மனதை அறுக்கிறது. மும்பையில் கட்டடவாசி ஒருவருக்கு நாளைக்கு 135 லிட்டர், குடிசைவாசிக்கு 45 லிட்டர் என்றே திட்டமிடுகிறார்கள். நாமும் அவர்களைப்போலத்தான் குளிக்கிறோம், துவைக்கிறோம், சோறு வடிக்கிறோம். இந்த மூன்றுக்கு ஒன்று என்ற பாகுபாட்டை நீக்க வேண்டும் என்பது கூட்டமைப்பின் முதல் கோரிக்கை. நம் சங்கமும் அதில் கையெழுத்திட்டிருக்கிறது. நல்ல தண்ணீரும் கழிப்பிடமும் மனித உரிமை என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010 ஜூலை 28 அன்றே தீர்மானம் போட்டுவிட்டது.

இனி கழிப்பிடம். தூய்மை இந்தியா திட்ட நெறிமுறைப்படி குடியிருப்புகளுக்கான சமுதாயக் கழிப்பிடத்தில் 25 பெண்களுக்கு ஓர் இருக்கை, 35 ஆண்களுக்கு ஓர் இருக்கை இருக்க வேண்டும். நம் பக்கத்துக் கழிப்பிடத்தில் காலை ஆறு மணிக்கு வரிசையில் நின்றவர்கள் இந்தக் கணக்கைக் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். ராத்திரி விளக்கு எரியாததால் வயதுப் பெண்கள் சாயங்காலத்தோடு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள் என்று நம் மகளிர் கூட்டத்தில் ஒரு கல்லூரி மாணவி எழுந்து சொன்னார். பெண்களுக்கு இலவச, பாதுகாப்பான சிறுநீர்க் கழிப்பிடம் கேட்டு 2011 முதல் மும்பைப் பெண்கள் அமைப்புகள் நடத்தும் இயக்கத்தில் அந்த மாணவியும் தோழிகளும் இப்போது இருக்கிறார்கள். விளக்கு பிப்ரவரியில் போடப்பட்டது. மூன்று கதவுகளுக்கு இன்னும் தாழ்ப்பாள் இல்லை.

மார்ச் மாதம் நடந்த ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். கழிப்பிடத்தின் மலத்தொட்டி நிரம்பி வழிந்தது. ஒப்பந்தக்காரர் ஒருவர் இரண்டு இளைஞர்களை அனுப்பினார். கையில் வாளி, கயிறு. முகமூடிகூட இல்லை. மூடியைத் திறந்து ஒருவன் காலை உள்ளே விடப் போனான். துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். "எங்களுக்கு நாத்தம் பரவாயில்ல, உன் உசிரு போகக் கூடாது தம்பி" என்றார் ஒரு அம்மா. பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரை மலத்தொட்டிக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மும்பை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் கையால் சாக்கடை சுத்தம் செய்வதை அடியோடு நிறுத்த வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2025 ஜனவரி 29இல்தான் உத்தரவு போட்டிருந்தது. அந்த உத்தரவின் நகலை நம் வாட்ஸ்ஆப் குழுவிலிருந்து எடுத்து நான் போனில் காட்டினேன். ஒப்பந்தக்காரர் முணுமுணுத்தபடி போய்விட்டார். இரண்டு நாள் வழிந்தது, மூன்றாம் நாள் உறிஞ்சு வண்டி வந்தது. அந்த இரண்டு நாளும் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலைத் திறக்க முடியாமல் பொறுத்துக்கொண்டார்கள். அவர்களுக்குச் சங்கத்தின் மனமார்ந்த நன்றி. இரண்டு இளைஞர்களுக்கும் நம் வீட்டில் டீ கொடுத்துப் பேசினோம். மலத்தொட்டியில் தன் சித்தப்பா இறந்ததை ஒருவன் சொன்னான். அப்படிப்பட்ட சாவுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் சொன்னது அவன் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ஆவணங்களைத் திரட்டிக் கொடுக்க அந்தக் குடும்பத்தைக் கூட்டமைப்பின் வழக்கறிஞரிடம் சேர்த்துவிட்டிருக்கிறோம்.

2022 மார்ச் முதல் இந்த அறிக்கை ஆண்டு முடியும்வரை மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் இருக்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். முன்பு நம் வார்டு உறுப்பினரான கார்ப்பரேட்டர் வீட்டு வாசலில் பத்துப் பெண்கள் நின்றால் ஒரு வால்வு திருகும். இந்த ஆண்டு நிற்க வாசல் இல்லை.

பிப்ரவரியில் கூட்டமைப்போடு ஷாஹாபூர் தாலுகாவுக்குப் போய் வந்தோம். மும்பைக்குத் தண்ணீர் தரும் பாட்சா, தான்சா ஏரிகள் அங்கேதான் இருக்கின்றன. ஏரியின் பக்கத்து ஆதிவாசிப் பாடாவில் (சிற்றூரில்) கோடை வந்தால் டேங்கரை எதிர்பார்த்து நிற்கிறார்கள். நம் குழாயில் வருவது அவர்கள் ஊர்த் தண்ணீர். திரும்பும்போது வேனில் யாரும் அதிகம் பேசவில்லை. அவர்களின் கோரிக்கையையும் நம் மனுவில் சேர்க்க வேண்டும் என்று செயற்குழு ஒருமனதாக முடிவெடுத்தது.

மூத்தவர்களுக்கு நினைவிருக்கும், 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், நம் பெற்றோர் குடியிருந்த ஜனதா காலனியை இடித்து அவர்களை இந்தச் சதுப்பு நிலத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். கோலார் தங்கவயலில் பிறந்து, அந்தக் காலனியில் வேலையைத் தொடங்கிய குடிசைவாசிகளின் தலைவர் ஜோக்கின் அற்புதம் அவர்கள், குப்பை அள்ள யாரும் வராதபோது பிள்ளைகளைத் திரட்டி ஆளுக்கொரு பொட்டலமாகக் குப்பையைத் தூக்கவைத்து நகராட்சி வாசலில் கொட்டினார். 2000இல் மகசேசே விருது பெற்ற அவர் 2018 அக்டோபரில் மறைந்தார். அவர் படத்தை இந்த ஆண்டு சங்க அறையில் மாட்டியிருக்கிறோம்.

குறிப்பேடு எழுதிய பெண்களின் பெயர்ப்பட்டியல் பின்னிணைப்பில் இருக்கிறது. அதில் ஆண்கள் பெயர் மிகக் குறைவு. விடியக்காலை நாலரைக்கு எழுந்து எழுத ஆள் வேண்டும். ஐந்தாவது, ஆறாவது கல்லிக்குப் புது நோட்டு வாங்கி மேசைமேல் வைத்திருக்கிறேன், கயிறும் கட்டியாயிற்று. கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, முறை எடுக்கிறவர்கள் அதில் முதல் பக்கத்தில் பெயர் எழுதிவிட்டுப் போகலாம். இவ்வறிக்கையை ஏற்று அங்கீகரிக்குமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்