கம்பெனி மாற்றிக் கொடுக்காதே

அன்புள்ள முரளி,

இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டுவதென்றால் இப்போதே திட்டித் தீர்த்துவிடு. இங்கே எல்லாரும் நலம். உன் புதுக் கடைக்கு வாழ்த்து. ஆனால் "ஜெனரிக் எல்லாம் ஒன்றுதான், இருப்பதை எடுத்துக் கொடுக்கிறேன்" என்று எழுதியிருந்தாயே, வலிப்பு மாத்திரையில் மட்டும் அந்த வேலை வேண்டாம்.

ஜெனரிக்கை, அதாவது ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் செய்து விற்பதை, நான் குறை சொல்லவில்லை. லெவெடிராசெட்டம், காபாபென்டின் எந்தக் கம்பெனி கொடுத்தாலும் பொதுவாக வம்பில்லை. வம்பெல்லாம் ஃபெனிடாயின், கார்பமாசெபின், ஃபீனோபார்பிடால், பிரிமிடோன் என்ற நாலில்தான். பிரிட்டனில் 2013-லேயே இந்த நாலையும் முதல் பிரிவில் வைத்து, ஒருவருக்கு ஒரே கம்பெனி சரக்கையே தொடரச் சொல்லிவிட்டார்கள். வால்புரோயேட், லாமோட்ரிஜின் இரண்டாம் பிரிவு. அவற்றை மருத்துவர் நோயாளியிடம் கேட்டு முடிவு செய்யவேண்டும்.

எல்லாவற்றிலும் மோசம் ஃபெனிடாயின். ரத்தத்தில் லிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராம் இருக்கவேண்டும். அதைச் சிதைக்கும் கல்லீரல் நொதிக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை நெருங்கியவருக்கு உடம்பில் சேரும் மருந்து கொஞ்சம் கூடினாலும் ரத்த அளவு எகிறிவிடும்: கண் ஆடும், நடை தள்ளாடும். குறைந்தாலோ வலிப்பு திரும்பும். 1968-இல் ஆஸ்திரேலியாவில் ஃபெனிடாயின் கேப்சூலுக்குள் நிரப்புப் பொருளாகக் கால்சியம் சல்பேட்டுக்குப் பதில் லாக்டோஸ் போட்டார்கள். மருந்தின் அளவு மாறவேயில்லை. ஆனாலும் உடம்பு மருந்தைக் கூடுதலாக உறிஞ்சி, பலருக்கு நச்சேறியது. "நிரப்புப் பொருள்தானே சார்" என்று நம் புரொபசரிடம் போய்ச் சொல்லிப் பாரேன்! இன்னொன்று, ஃபெனிடாயின் சோடியம் 100 மி.கி. என்றால் உள்ளே ஃபெனிடாயின் 92 மி.கி. தான். சிரப்பில் இருப்பதோ சோடியம் சேராத ஃபெனிடாயின். கேப்சூலுக்குப் பதில் சிரப் கொடுக்கும்போது இங்கேதான் கணக்கு உதைக்கும்.

கார்பமாசெபினுக்கு ஈரம் எதிரி. ஈரம் பட்ட மாத்திரை இறுகி, சரியாகக் கரையாமல் வேலை குறையும். அட்டையிலிருந்து பிரித்துப் பொட்டலம் கட்டாதே. மெதுவாகக் கரையும் வகைக்குப் பதில் சாதா வகையை எக்காரணம் கொண்டும் நீட்டாதே.

நோயாளி பெயருக்கு எதிரே மருந்தோடு கம்பெனி பெயரையும் எழுதி வை. அவர் மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே சரக்கு சொல்லிவிடு. அதையும் மீறிக் கிடைக்கவில்லையென்றால் வெறுங்கையோடு அனுப்பாதே. கம்பெனி மாறுவதைவிட மாத்திரை திடீரென நிற்பது ஆபத்து. மருத்துவருக்கு போன் போட்டுக் கேட்டுக் கொடு. நிறமும் வடிவமும் மாறியிருப்பதை அட்டையைக் காட்டியே சொல்லு. இல்லாவிட்டால் வீட்டில் மிச்சமிருக்கும் பழையதையும் சேர்த்து விழுங்குவார்கள். தேதியைக் குறித்துக்கொண்டு, ஃபெனிடாயின் என்றால் இரண்டு மூன்று வாரத்தில் ரத்த அளவு பார்க்கவேண்டுமா என்று மருத்துவரிடமே கேட்டுவிடு.

தாடிக்காரன் அங்கே வந்தால் இதையே அவனுக்கும் படித்துக் காட்டு. அவனும் உன் கட்சிதான்.

உன்,
ரகு