யார் அடைச்சு வச்சாலும் ஜட்ஜ் முன்னால கொண்டு வரணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

அமெரிக்காவுல இமிகிரேஷன்காரங்க ஆக்களப் பிடிச்சு அடைக்கிற செய்திய உங்கட பேப்பர்ல வாசிச்சுக்கொண்டு வாறன், எங்கட ஆக்களும் அதுல மாட்டுப்படுறதாலதான் எழுதுறன். பிடிபட்ட ஆள் எந்த சென்டர்ல இருக்கிறார் எண்டு பாக்க அவங்கட வெப்சைட் ஒண்டு இருக்கு, ஏ நம்பர் எண்டு அவங்க குடுக்கிற நம்பரையும் பிறந்த நாட்டையும் போட்டா காட்டும். நம்பர் தெரியாட்டி பேரப் போடலாம், ஆனா எழுத்துக்கு எழுத்து சரியா இருக்கோணும். எங்கட பாஸ்போர்ட்ல அப்பாட பேர் எங்க, சொந்தப் பேர் எங்க, அத அங்க ஆபீசர் எதுக்குள்ள டைப் பண்ணினாரோ ஆருக்குத் தெரியும், ஒரு 'எச்' கூடினாலும் ஆள் இல்ல எண்டுதான் வரும். வெள்ளவத்தையில ஒரு அம்மா மகன்ட பேர மாத்தி மாத்தி போன்ல அடிச்சுக்கொண்டு இருந்தத பக்கத்துல இருந்து பாத்தனான். லோயரும் முதல்ல அந்த நம்பரத்தான் கேக்கிறார், அவருக்கும் சொந்தக் காசுதான், இமிகிரேஷன் கோர்ட்டுல அரசாங்கம் லோயர் தராது.

2020ல அமெரிக்க உயர் நீதிமன்றம், விரைவா நாடு கடத்துற முடிவ எதிர்த்து ஆட்கொணர்வு மனு (அடைச்சு வச்ச ஆள ஜட்ஜ் முன்னால கொண்டு வரச் சொல்லிக் கேக்கிற மனு) போட ஏலாது எண்டு சொன்ன கேஸே ஒரு இலங்கைத் தமிழர்டதான். மெக்சிகோ எல்லையத் தாண்டி 25 யார்ட் தூரத்துல பிடிபட்டவர்.

இந்து சமுத்திரத்துல பிரிட்டன்காரங்கட கையில இருந்த டியாகோ கார்சியா தீவுல மாட்டுப்பட்டதும் எங்கட ஆக்கள்தான். 2021 ஒக்டோபர்ல கனடாவுக்கு வெளிக்கிட்டு அங்க ஒதுங்கினவங்கள வேலி போட்ட டென்டுகளுக்குள்ள மூண்டு வருஷம் வச்சிருந்தாங்க, 2024 டிசம்பர்ல கோர்ட் அது சட்டவிரோதம் எண்டு தீர்ப்புக் குடுத்தது, நாங்களும் சந்தோஷப்பட்டம்.

அதே டிசம்பர்ல முள்ளிவாய்க்கால் கரைக்கு நூறு பேருக்கு மேல மியன்மார் ரோஹிங்கியா சனம் குழந்தை குட்டியோட வந்துது. கொண்டுபோய் கேப்பாப்பிலவு விமானப்படை முகாமுல வச்சாங்க. மனித உரிமைகள் ஆணைக்குழு ஆக்கள் பாக்கப் போனா உள்ள விடேல்ல, குடிவரவுத் திணைக்களத்திட அனுமதி வேணுமாம்! 1996ம் ஆண்டு 21ம் இலக்கச் சட்டத்துல தடுத்து வச்சிருக்கிற இடங்களப் போய்ப் பாக்கிற அதிகாரம் ஆணைக்குழுவுக்கு இருக்கு, பிறகென்னத்துக்கு இன்னொரு ஓபீஸ்ட சைன்?

களவா வந்தவனுக்கு என்ன உரிமை எண்டு எங்கட ஆக்களே கேக்கினம் (பயங்கரவாதத் தடைச் சட்டத்துல பிடிபட்ட பிள்ளையத் தேடித் திரிஞ்ச சனம் இப்பிடிக் கேக்கலாமா). இலங்கை அரசியலமைப்பு 13(2), காவல்ல இருக்கிற எவரையும் நீதிபதி முன்னால கொண்டு வரணும் எண்டுது, பிரஜைய மட்டும் எண்டு இல்ல. திருப்பி அனுப்புறதா இல்லையா எண்டுறது வேற கதை, அத ஜட்ஜ் பாத்துச் சொல்லட்டும்.

வெளிநாட்டுக்காரர அடைச்சு வைக்கிற குடிவரவுத் தடுப்பு முகாமுல இப்ப எத்தின பேர், எவ்வளவு காலமா, ஆர்ட ஓடர்ல இருக்கிறாங்க, வீட்டுக்கு ஒரு கோல் எடுக்க விடுறாங்களா, பாஷை தெரிஞ்ச ஆள் இருக்கா? 2016லயே தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்திட்டுதானே, உங்கட நிருபர் ஒருத்தர் குடிவரவுத் திணைக்களத்துக்கு ஒரு விண்ணப்பம் போட்டு, வாற பதில அப்பிடியே பேப்பர்ல போடுங்கோ.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06