பிரேம் கடையில் கையைப் பிடித்த அண்ணனுக்கு

ஈரோட்டுப் பிரேம் கடையில் போன மாதம் பக்கத்தில் நின்ற அண்ணனுக்கு ரொம்ப நன்றிங்க. பேர் கேட்பதற்குள் பஸ் ஏறப் போய்விட்டீர்கள்.

நான் கடைக்குக் கொண்டுவந்த அந்தப் படங்கள் காலமான எங்கள் பெரியப்பா எடுத்தவை. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு வரும் குதிரைகள், காங்கேயம் காளைகள். எல்லாம் கருப்பு வெள்ளை, அவரே இருட்டறையில் பிரிண்ட் போட்டது. (கலர் என்றாலே முகம் சுளிப்பார்.) நெகட்டிவ் பாதிக்கு மேல் பூஞ்சை பிடித்துப் போச்சு, பிரிண்ட்தான் மிச்சம்.

அதில் ஒன்று கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. அதை உரிக்க பிளேடு எடுத்த கடைக்காரர் கையைப் பிடித்தீர்கள். உருவம் இருப்பதே மேலே உள்ள மெல்லிய ஜெலட்டின் படலத்தில்தான், ஈரத்தில் அது கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும், உரித்தால் காளையே கண்ணாடியோடு வந்துவிடும் என்றீர்கள். முதலில் கண்ணாடியோடே ஸ்கேன் பண்ணச் சொன்னீர்கள். பண்ணியாச்சு. மற்றதற்கெல்லாம் படம் கண்ணாடியில் படாதபடி சுற்றிலும் அட்டை வைத்தாச்சு. லேமினேஷன் நினைப்பையும் விட்டாச்சு.

பெரியம்மா உங்களைப் பார்க்கணும் என்கிறார். கோபிசெட்டிபாளையம் பக்கம் வந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் போகணுங்க.