மொதல்ல படம், அப்புறம் பொன்னாடை

பாண்டிச்சேரில மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை உலகப் படம் போட்டுக் காட்டுற சங்கத்து தலைவர், செயலாளர், கமிட்டி அண்ணன்மாருங்க எல்லாருக்கும் வணக்கம்.

என் பேரு உங்களுக்குத் தெரியாது, ஆளத் தெரியும். கடைசி வரிசைல கதவ ஒட்டுன சேர்ல உக்காந்து, படம் முடியறதுக்கு முன்னாடியே எழுந்து ஓடுறவன் நான்தான். போன ஞாயித்துக்கிழமை ஸ்கிரீன்ல ஹீரோ மூஞ்சி மேல ஒரு தலை நிழல் விழுந்து, "யோவ் குனிஞ்சு போய்யா"ன்னு பத்து பேர் கத்துனாங்களே, அந்தத் தலை என்னுது. அதுக்கு மொதல்ல மன்னிச்சிருங்க. ஏன் ஓடுனேன்னு சொல்லத்தான் இத எழுதுறேன்.

5.30க்குப் படம்னு வாட்ஸ்அப்ல போட்டீங்க. "சூப்பர்"ங்குற பேருல 2010ல வந்த இங்கிலீஷ் படம், 2025ல சூப்பர்மேன் எடுத்த அதே ஜேம்ஸ் கன் அதுக்கு ரொம்ப முன்னாடியே கம்மிக் காசுல எடுத்தது, ஒரு சாதாரண சமையல்காரன் தானே டிரஸ் தச்சுகிட்டு சூப்பர்ஹீரோ ஆவுற கதைன்னு போட்டிருந்தீங்க. நான் கடலூர் முதுநகர்ல ஒரு ஓட்டல்ல பரோட்டா மாஸ்டர். சமையல்காரன் சூப்பர்ஹீரோன்னு படிச்சதும் ஓனர்கிட்ட லீவு கேட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பரோட்டா மாஸ்டர் லீவு கேக்குறது, தீபாவளிக்கு மொத நாளு டெய்லர் லீவு கேக்குற மாதிரி. மத்தியானமே மாவு பெசஞ்சு, உருட்டி, எண்ணெய்ல ஊறப் போட்டு, பதில் ஆள நிக்க வச்சுட்டுதான் கெளம்புனேன். அவருக்கு குடுத்த காசு என் பாக்கெட்டுலேர்ந்து போனது.

5.20க்கெல்லாம் சேர்ல இருந்தேன். விளக்கு ஏத்துனது 6.05. அப்புறம் வரவேற்புரை, தலைமை உரை, வாழ்த்துரை நாலு, சிறப்புரை ஒண்ணு, நடுநடுவுல பொன்னாடை. எத்தன பொன்னாடைன்னு எண்ணிப் பாத்தேன், வேற வேலை இல்ல, பதினொண்ணு. படம் ஆரம்பிச்சது 7.50க்கு. படமே மொத்தம் 96 நிமிஷம்தான் அண்ணா. பேச்சு 105 நிமிஷம். இதுல சிறப்புரை பேசுனவரு படத்தோட கிளைமாக்ஸ ரசிச்சு ரசிச்சு சொல்லிட்டாரு வேற. அத நான் இங்க சொல்ல மாட்டேன், நான் அந்த மாதிரி ஆளு இல்ல.

அதனால உங்ககிட்ட நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், படத்த மொதல்ல போடுங்க, பேச்ச அப்புறம் வைங்க.

படம் எப்படி இருந்துச்சுன்னும் சொல்லணும்ல, நல்ல படம் போட்டதுக்கு நன்றி சொல்லாம சண்ட மட்டும் போட்டா தப்பு. அந்த சமையல்காரன் பிராங்க் அடுப்புகிட்ட நிக்கிற நிப்பப் பாத்ததுமே இவன் நம்மாளுன்னு தெரிஞ்சுடுச்சு எனக்கு. பொண்டாட்டிய ஒரு போதைமருந்து விக்கிறவன் இழுத்துகிட்டுப் போயிடுறான், அதுக்கு முன்னாடி அந்த வில்லன் இவன் வீட்டுக்கே வந்து இவன் போட்ட முட்டையத் தின்னுட்டு நல்லா இருக்குன்னு பாராட்டுறான் பாருங்க, அந்த சீன்ல ஹால்ல எல்லாரும் சிரிச்சாங்க, எனக்கு சிரிப்பே வரல. தட்டு கழுவுறவன்லேர்ந்து கல்லா வரைக்கும் நம்மள ஒரு பொருட்டாவே மதிக்காத ஒருத்தன், நாம போட்டத மட்டும் பிரமாதம்னு சொல்லிட்டு ஏப்பம் விட்டுகிட்டுப் போறது இருக்கே, அந்த வலி அடுப்புகிட்ட நிக்கிறவனுக்குதான் தெரியும். அப்புறம் அவன் தையல் மெஷின்ல உக்காந்து சிவப்பு டிரஸ் தைக்கிறான், மொதல் தடவ போயி நல்லா அடி வாங்கிட்டு வர்றான், அதுக்கப்புறம்தான் பிளம்பருங்க வச்சிருக்குற பைப் ரெஞ்சத் தூக்குறான். பறக்கத் தெரியாது, ஒரு சக்தியும் கெடையாது, கைல ரெஞ்சு, மனசுல ஆத்திரம், அவ்ளோதான்.

சினிமா கியூல குறுக்க பூந்த ஒருத்தன, இவன் கார்ல போயி டிரஸ் மாத்திகிட்டு வந்து மண்டைலயே போடுறான்ல, அப்ப மட்டும் நானும் கைதட்டிட்டேன். தப்புதான். கியூல பூந்ததுக்கு மண்டைய ஒடைக்கிறது அநியாயம்னு படமே காட்டுது, அடுத்த நிமிஷமே கை தட்டுன நமக்கு ஒரு மாதிரி ஆயிடுது, அதான் அந்தப் படத்தோட கெட்டிக்காரத்தனம். ஆனா பாண்டில தியேட்டர் கவுண்டர்லயும் கடலூர் ஆஸ்பத்திரி சீட்டு வாங்குற எடத்துலயும் நின்னவன் எவனா இருந்தாலும் ஒரு செகண்டாவது தட்டிருப்பான்.

சரி, இப்ப ஓடுன கதைக்கு வர்றேன். மணி 9. ஸ்கிரீன்ல பிராங்கும் அவனுக்குத் துணையா சேந்த காமிக்ஸ் கடைப் பொண்ணும் கடைசி சண்டைக்குக் கெளம்புற நேரம். என் போன் பாக்கெட்டுல நடுங்குது, 9 மணிக்கு அலாரம் வச்சிருந்தேன். படம் முடிய இன்னும் 26 நிமிஷம். உங்களுக்கு அது 26 நிமிஷம். எனக்கு, மறைமலையடிகள் சாலைல பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிப் போயி, கடலூர் பஸ் பிடிச்சு, திருப்பாதிரிப்புலியூர்ல எறங்கி, முதுநகருக்கு டவுன் பஸ் கெடச்சா பதினஞ்சு ரூவாக்குள்ள வீடு, அந்த பஸ்ஸ விட்டா ஆட்டோக்காரரு 250 கேப்பாரு, ரெண்டு நாள் முன்னாடி எடுத்த அட்வான்ஸ்ல அது இல்ல. பாண்டிலேர்ந்து ராத்திரி பஸ் இல்லையான்னு கேப்பீங்க, இருக்கு, கடலூர் வரைக்கும் இருக்கு. எங்க வீடு பஸ் ஸ்டாண்டுல இல்லையே.

ஞாயித்துக்கிழமை ராத்திரி பாண்டி கடலூர் பஸ்ஸுல போயிருக்கீங்களா அண்ணா? அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம்னு ஏற ஏற ஒரே நெடி, முள்ளோடைல பார்டர் தாண்டுறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு குவாட்டர் அடிச்சிட்டு ஏறுற கூட்டம் தனி. நான் படிக்குப் பக்கத்துல ஒத்தக் கால்ல நிக்கிறேன், ஒரு பெரியவரு என் தோள்ல சாஞ்சுகிட்டு, "எங்க தம்பி போயிட்டு வர்ற"ன்னாரு. படத்துக்குன்னேன். "இன்னா கதை"ன்னாரு. சமையல்காரன் கதைய ரெட்டிச்சாவடி வரைக்கும் சொன்னேன், மனுசன் கண்ணு கூட மூடாம கேட்டாரு. "அப்புறம் பொண்டாட்டி கெடச்சாளா இல்லையா, எப்டி முடிஞ்சுது?"ன்னு கேட்டாரு. தெரியாதுண்ணே, பாதில வந்துட்டேன்னேன். என்ன ஒரு பார்வ பாத்தாரு பாருங்க, இதுக்கா இவ்ளோ தூரம் போன மாதிரி. அதுக்கப்புறம் அவரு என் தோள்ல சாயக்கூட இல்ல.

இது மூணாவது படம். இதுக்கு முன்னாடி ரெண்டு படத்துக்கும் இதே கதிதான், கடைசி அர மணி நேரம் நான் பாக்கல. மூணு படத்துக்கும் பொன்னாடை முழுசா பாத்திருக்கேன்.

ஓடிடில பாத்துக்கோயேன்னு கமிட்டில ஒரு அண்ணன் ஏற்கனவே சொல்லிட்டாரு. கோடு விழுந்த போன்ல, ராத்திரி 12 மணிக்கு கை எல்லாம் எண்ணெயோட படுத்துகிட்டு பாக்கறதுக்கு நான் எதுக்கு லீவு போடணும். நூறு பேரு சேந்து சிரிக்கிறப்ப நமக்கு மட்டும் சிரிப்பு வராம உக்காந்திருக்குறது கூட ஹால்லதான் நடக்கும்.

இன்னொண்ணு, கோவிச்சுக்காதீங்க. சாதாரண மனுசன் ஹீரோ ஆவுற படத்துக்கு மேடைல பதினோரு பெரிய மனுசங்களுக்கு பொன்னாடை போத்துனீங்க. மத்தியானத்துலேர்ந்து வேட்டி மாதிரி வெள்ளத் துணிய கட்டி இழுத்து, புரொஜெக்டருக்கு அடியில ரெண்டு டெலிபோன் டைரக்டரி வச்சு லெவல் பாத்து, நடுவுல சவுண்டு போனப்ப பாஞ்சு போயி ஒயர கைல அமுக்கிப் பிடிச்சுகிட்டே அர மணி நேரம் நின்ன அந்த ஆபரேட்டர் தம்பிக்கு ஒரு டீ கூட யாரும் குடுக்கல. 2011 டிசம்பர் 30ந்தேதி "தானே" புயல் எங்க ஊர பெரட்டிப் போட்டப்பவும் இதான் நடந்துச்சு, அருவாளோட தெருவுல எறங்கி மரத்த வெட்டுனவன் எல்லாம் லுங்கி கட்டுனவன், அப்புறம் நடந்த கூட்டத்துல சால்வை வாங்குனவன் எல்லாம் வெள்ள வேட்டி. எங்கயோ போயிட்டேன், விடுங்க.

நானும் ரெஞ்சு தூக்கலாம்னு ஒரு நிமிஷம் யோசிச்சது உண்மை. பைப் ரெஞ்சு எதுக்கு, கொத்து பரோட்டா போடுற கரண்டி ரெண்டு இருக்கு, கல்லுல நாலு தட்டு தட்டுனா வாழ்த்துரை பேசுறவரு மைக்க வச்சுட்டு எறங்கிடுவாரு. ஆனா நான் சூப்பர்ஹீரோ இல்ல, உங்க சங்கத்துக்கு வருச சந்தா 300 ரூவா கட்டுன மெம்பர். அதனால கைகூப்பித்தான் கேக்குறேன். 5.30ன்னா 5.30க்கு படத்த போடுங்க. ஏழு, ஏழேகாலுக்கு முடிஞ்சிரும். அதுக்கப்புறம் விளக்கு ஏத்துங்க, பொன்னாடை போடுங்க, ராத்திரி 11 வரைக்கும் கூட பேசுங்க, கேக்கறவங்க கேக்கட்டும். படம் பாத்துட்டு பேசுனா நாங்களும் ரெண்டு வார்த்த பேசுவோம்ல, முட்டை சீன பத்தி எனக்கே கால் மணி நேரம் பேச விஷயம் இருக்கு.

அப்புறம் அந்த கடைசி 26 நிமிஷம். அடுத்த மாசப் படத்துக்கு முன்னாடி எங்க மாதிரி வெளியூர்க்காரங்களுக்கு அத மட்டும் ஒருவாட்டி போட்டுக் காட்ட முடியுமான்னு கமிட்டில கேட்டுச் சொல்லுங்க, 5 மணிக்கே வந்துடுறேன்.

அடுத்த மாசத்துக்கும் ஓனர்கிட்ட லீவு சொல்லிட்டேன். அதே கதவு பக்கத்து சேர்தான். ஆபரேட்டர் தம்பிக்கு நாலு பரோட்டா பார்சல் கட்டிகிட்டு வர்றேன், 5.30க்குப் படம் ஆரம்பிச்சா சூடாத் தின்னுவான். வாழ்த்துரை முடியற வரைக்கும் காத்திருந்து சால்னா ஆறிப் போச்சுன்னா அதுக்கு மாஸ்டர் பொறுப்பில்ல.

இப்படிக்கு,
கடைசி வரிசை, கதவு பக்கத்து சேர்,
கடலூர் முதுநகர்