வரியை விட்டுவிட்டீர்கள், வண்டியை எங்கே விடுவது?

தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி ஆணையர்களுக்கும் போக்குவரத்துத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

என் ஸ்கூட்டருக்கு நான் சாலை வரி கட்டியதில்லை. முதலில் அதற்கு நன்றி சொல்லிவிடுகிறேன். ஒரு லட்ச ரூபாய்க்கு உட்பட்ட இருசக்கர வண்டிக்கு 2023 நவம்பரிலிருந்து ஆயுள் வரி 10 சதவீதம். நான் மாற்றுத்திறனாளி, என் ஸ்கூட்டர் பின்னால் இரண்டு பக்கமும் இணைப்புச் சக்கரம் பொருத்திய வண்டி என்பதால் எனக்கு விலக்கு. அதில் மிச்சமான பணம் அந்த இரண்டு சக்கரங்களை மாட்டவே போதவில்லை என்பது வேறு கதை. சலுகை சலுகைதான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் வண்டி ஓடுகிற வரைக்கும்தான் அந்தச் சலுகை. நிறுத்தப் போனால் நானும் பத்தோடு பதினொன்று.

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் இருசக்கர வாகன ஸ்டாண்ட் ஒன்று இருக்கிறது. தினமும் காலை ஏழே முக்காலுக்கு அங்கே வண்டியை விட்டுவிட்டு பஸ் ஏறுகிறேன். சிறுவயதில் வந்த போலியோ, இடது காலில் கேலிப்பர் என்ற தாங்கு கருவி. வண்டியில் ஏறுவதற்கு ஒரு முறை வைத்திருக்கிறேன். சீட்டின் விளிம்பில் பக்கவாட்டாக உட்கார வேண்டும், ஊன்றுகோலைக் கொக்கியில் மாட்ட வேண்டும், அப்புறம் இடது காலை இரண்டு கையாலும் தூக்கி அந்தப் பக்கம் வைக்க வேண்டும். இதற்கு வண்டியின் ஒரு பக்கத்திலாவது ஒரு ஆள் அகலத்துக்கு இடம் வேண்டும். நான் கேட்பது மொத்தத்தில் அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு நாள் சாயங்காலம் திரும்பி வந்தால், இரண்டு பக்கமும் பைக். வலது பக்கத்து பைக்கின் ஸ்டாண்ட் என் இணைப்புச் சக்கரத்தின் மேலேயே சாய்ந்திருந்தது. ஹேண்டில் லாக் வேறு. டோக்கன் கொடுக்கும் தம்பி ஓடி வந்தார், பின் சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தார், நகரவில்லை. பைக்காரர் வரட்டும் என்று ஊன்றுகோலில் சாய்ந்தபடி காத்திருந்தேன். ஒன்றே கால் மணி நேரம். வந்தவர் நல்ல பையன்தான், "சாரிண்ணே, இது இப்படி அகலமா இருக்கும்னு கவனிக்கல" என்றான். டோக்கன் தம்பி, "நாளையிலேர்ந்து வெளிய ரோட்டுலயே போட்டுருங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்றார். வெளியே ரோட்டில் போட்டால் போக்குவரத்துக் காவலர் பார்த்துக்கொள்வார்.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. என் வண்டி இரண்டு பைக்கின் இடத்தை எடுத்துக்கொள்கிறது, ஏறி இறங்க இடம் விட்டால் மூன்று. அவருடைய முதலாளி குத்தகை எடுத்தது ஏலத்தில். போட்ட பணத்தை டோக்கன் கணக்கில்தான் எடுக்க வேண்டும். எனக்கு ஒதுங்கி இடம் விட்டால் நாளுக்கு இரண்டு டோக்கன் நட்டம். என் சிரமம் அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை. அதைக் கணக்கில் எழுதியிருக்க வேண்டியது ஏலம் விட்டவர்கள்.

கார் விஷயத்தில் கணக்கு எழுதித்தான் இருக்கிறது. கட்டட விதிகளைப் புரட்டினால் கிடைக்கும்: மாற்றுத்திறனாளிகளுக்கு இரண்டு கார் இடம், நுழைவாயிலிலிருந்து 30 மீட்டருக்குள், அகலம் 3.6 மீட்டர். சாதாரணமாக ஒரு காருக்கு விடுவது 2.5 மீட்டர். கூடுதலான அந்த 1.1 மீட்டர் எதற்கு என்று கட்டடம் கட்டுகிறவர்களுக்கே பல நேரம் தெரிவதில்லை. கார்க் கதவை முழுக்கத் திறந்து, பக்கத்தில் சக்கர நாற்காலியைப் போட்டு, அதில் உடம்பை மாற்றிக்கொள்ள அந்த இடம் வேண்டும். அதில்தான் ஒரு பெரிய மாலில் பூந்தொட்டி வரிசை வைத்திருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. தரையில் சக்கர நாற்காலிப் படம் பளிச்சென்று இருந்தது, அதன் தலைமேல் ஒரு குரோட்டன்ஸ்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41ஆவது பிரிவு பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், விமான நிலையம் மூன்றையும் சொல்லி, அங்கே இருக்க வேண்டிய வசதிகளில் வாகன நிறுத்துமிடத்தை முதலில் வைக்கிறது. 45ஆவது பிரிவு, ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய விதிகள் வந்த நாளிலிருந்து ஐந்து வருடம் கொடுத்தது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022 ஜூனில் முடிந்தது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகள் வந்துபோக வசதி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் அணுகல் தரங்களை வெறும் வழிகாட்டுதலாக விட்டுவைக்க முடியாது, கட்டாயமாக்கி விதி எழுதுங்கள் என்று மத்திய அரசுக்கு மூன்று மாதம் கொடுத்தது. ஆக, நான் தயவு கேட்டு எழுதவில்லை.

கார் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு சலுகையும் இருந்தது. 4 மீட்டர் நீளத்துக்கு உட்பட்ட சின்னக் காருக்கு மற்றவர்கள் 28 சதவீத ஜிஎஸ்டியும் மேல்வரியும் கட்டிய காலத்தில், கை கால் பாதித்தவர்கள் சான்றிதழ் வாங்கினால் 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் அந்தச் சின்னக் கார் எல்லோருக்குமே 18 ஆகிவிட்டது. ஊருக்கு விலை குறைந்ததில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. கையாலேயே பிரேக்கும் ஆக்சிலேட்டரும் இயக்குகிற கருவி மாட்டும் செலவு மட்டும் எங்களுக்கு அப்படியே இருக்கிறது, அதை ஈடுகட்டிய வித்தியாசம் போய்விட்டது. இது டெல்லியில் பேச வேண்டியது, இங்கே விட்டுவிடுகிறேன்.

உங்களிடம் பேச வேண்டியது இது: நம் சலுகை எல்லாம் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. வண்டியை மாற்றி அமைத்திருந்தால்தான் வரி விலக்கு, சுங்கச்சாவடி விலக்கு எல்லாம். முன்பு அந்த வகை வண்டிக்குச் சட்டத்தில் 'இன்வேலிட் கேரேஜ்', அதாவது உடல் இயலாதவரின் வண்டி என்று பெயர்; 'செல்லாதது' என்பதற்கும் ஆங்கிலத்தில் அதே எழுத்துதான். ஒருமுறை வாகனச் சோதனையில் என் ஆர்.சி.யை வாங்கிப் பார்த்த காவலர், "இன்வேலிட்னு போட்டிருக்கே, புதுப்பிக்கலையா?" என்று கேட்டார். 2019 திருத்தத்தில் 'மாற்றியமைக்கப்பட்ட வாகனம்' என்று பெயர் மாறியது. பெயர்தான் மாறியது, சலுகை இன்னும் வண்டிமேலேயே உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு அம்மா இருக்கிறார். மூளை முடக்குவாதம் உள்ள பதினோரு வயது மகனை வாரம் மூன்று நாள் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறார். ஒரு நாள் தன் தம்பியின் கார், ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரரின் கார், இரண்டும் கிடைக்காவிட்டால் கால் டாக்சி. எந்த வண்டியிலும் எந்த மாற்றமும் கிடையாது. மாறாமல் வருவது அந்தப் பையன் மட்டும்தான். அவனை வாசலருகே இறக்க வண்டியை நிறுத்தினால், பின்னால் ஹாரன், முன்னால் விசில்.

பிரிட்டனில் இதற்கு நீல அட்டை கொடுக்கிறார்கள். 1971இல் ஆரஞ்சு நிறத்தில் தொடங்கியது, 2000இலிருந்து நீலம். அட்டை ஆளுக்குத்தான், வண்டிக்கு இல்லை. அவரே ஓட்டினாலும் சரி, டாக்சியில் உட்கார்ந்து போனாலும் சரி, கண்ணாடிக்குப் பின்னால் அட்டையை வைத்தால் ஒதுக்கிய இடத்தில் நிறுத்தலாம். இங்கிலாந்தில் மற்றவர்கள் நிறுத்தக் கூடாத மஞ்சள் கோட்டின் மேல்கூட மூன்று மணி நேரம் வரை விடுகிறார்கள். தவறாகப் பயன்படுத்துகிறவர்கள் அங்கேயும் உண்டு, ஆயிரம் பவுண்டு வரை அபராதமும் உண்டு. ஆள் ஏமாற்றுவான் என்பதற்காக அட்டையே கொடுக்காமல் இருந்துவிடவில்லை.

நமக்குப் புது அட்டைகூட அடிக்க வேண்டாம். படத்தோடும் எண்ணோடும் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை பலர் கையில் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் காட்டினால் நிறுத்துமிடம் உண்டு, கட்டணம் இல்லை என்று ஒரு உத்தரவு போதும்.

அதோடு இன்னொன்று. உள்ளாட்சி ஸ்டாண்டுகளின் குத்தகை பெரும்பாலும் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. அடுத்த ஏல அறிவிப்பின் நிபந்தனைகளில் ஒரு வரி சேருங்கள்: வாசலை ஒட்டி இணைப்புச் சக்கர வண்டிகளுக்கு இத்தனை இடம், அதைக் கழித்துக்கொண்டே குத்தகைத் தொகை கேட்க வேண்டும். இரண்டு டோக்கன் நட்டத்தை அந்தத் தம்பி தலையில் கட்டாதீர்கள். மஞ்சள் பெயிண்டும் ஒரு சங்கிலியும் வாங்கிக் கொடுத்தால் கோடு போட நானே வருகிறேன், ஏழே முக்காலுக்கு அங்கேதான் இருப்பேன்.

இப்படிக்கு,
இணைப்புச் சக்கர ஸ்கூட்டர்காரன்